உண்டியல் குலுக்கியது போதும்

சென்ற மாதம் நமது கிளைக்கு இன்னொரு கடதாசி வந்தது. மேலே ஒரு பிள்ளையின் படம். கீழே வைத்தியரின் கடிதப் பிரதி, கிராம சேவகரின் கையெழுத்து, வங்கிக் கணக்கு இலக்கம். ‘இதய அறுவைச் சிகிச்சைக்கு உதவி கோரல்’ என்ற தலைப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். கோயில் திருவிழாவில் தட்டுச் சுற்றும். சம்பள நாளன்று தோட்டத்து வாசலில் உண்டியல் வைப்போம். நூறு ரூபா, இருநூறு ரூபா. நம்மில் கொடுக்காமல் போனவர் எவருமில்லை. கடனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் உண்டு.

கொடுத்தோம், இனியும் கொடுப்போம். ஆனால் தோழர்களே, இந்தக் கடதாசி ஏன் நம் வீட்டுப் பிள்ளைகளின் பேரிலேயே வருகிறது என்று ஒரு நாளாவது சங்கக் கூட்டத்தில் கேட்டோமா? துரைமாரின் வீட்டிலிருந்து இப்படி ஒரு கடதாசி வந்ததுண்டா?

இந்தப் பிள்ளைக்கு வயது பத்தொன்பது. தகப்பன் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிக்கிறவர், தாய் மரமுந்திரிகைப் பருவத்தில் பொறுக்கப் போகிறவர். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, பதுளை வீதி வழியே இறங்கி வாவிக்கரைப் பக்கம் ஒதுங்கிய குடும்பம். பிள்ளையின் பேரைப் போடவில்லை. கலியாண வயதுப் பிள்ளை, காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தது. பனடோல் கொடுத்தார்கள், நான்கு நாளில் தணிந்தது. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்ற மற்றக் கால், பிறகு கணுக்கால், பிறகு முழங்கை. மருந்தகத்தில் ‘வளருகிற பிள்ளைக்கு வரும் நோவு’ என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள், கோயிலில் நூல் கட்டினார்கள். ஒன்றரை மாதத்தில் பிள்ளை ஓடியாடத் தொடங்கினாள். எல்லோரும் மறந்து போனார்கள்.

பதினேழு வயதில் சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கியது. ‘இரத்தம் குறைவு’ என்று இரும்புச்சத்து மாத்திரை. நம் பெண்களுக்கு எந்த வருத்தம் வந்தாலும் முதலில் கிடைப்பது அந்த மாத்திரைதான். பலருக்கு அது தேவையும்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. போன வருடம் இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் தொடங்கினாள். இரண்டு தலையணை, மூன்று தலையணை. அப்போதுதான் ஒரு வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஓங்கி அடித்துப் பொத்தென்று விழுந்தது. இரத்த அழுத்தம் மேலே 160, கீழே 50. எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் பெருநாடி வால்வு ஒழுகுகிறது, இடது அறை பெருத்துவிட்டது, வால்வை மாற்றவேண்டும்.

வால்வு என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தரப் பெரிய படிப்பு வேண்டாம். வாவியோரம் வயல் செய்கிறவர்களுக்கு உவர்நீர்த் தடுப்புக் கதவைத் தெரியும். மழைநீர் வாவிக்குள் போகவேண்டும், வாவியின் உப்புநீர் வயலுக்குள் திரும்பக் கூடாது. இதயத்தில் அப்படி நான்கு கதவுகள். இடது கீழறையிலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் வாசலில் இருப்பது, பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் தொகுதிப் பெருநாடி என்று எழுதியிருக்குமே, அதன் வாயில் உள்ள அரைமதி வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. அந்த இதழ்கள் தடித்துச் சுருங்கிவிட்டால் கதவு முழுதாக மூடாது. வெளியே தள்ளிய இரத்தத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு அடிக்கும் திரும்பி வரும். திரும்பி வந்ததையும் சேர்த்துத் தள்ள இதயம் பெருக்கும். பெருத்த இதயம் பல வருடம் முறைப்பாடு சொல்லாமல் வேலை செய்யும், நம் தொழிலாளியைப் போல. மூச்சு வாங்கத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் பிந்திவிடும்.

எல்லா வால்வுக் கோளாறும் ஒரே இடத்தில் பிறப்பதில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். நீண்டகால இரத்த அழுத்தத்தில் நாடியின் வாய் விரிந்து ஒழுகலாம். வயதானவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து இறுகலாம். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி வால்வை அரிப்பதும் உண்டு. ஆனால் ஒன்பது வயதில் தொண்டை நோவு, மூன்று வாரத்தில் மூட்டுவிட்டு மூட்டு தாவும் வீக்கம், பத்து வருடத்தில் ஒழுகும் வால்வு என்றால் அதற்கு ஒரே பேர்தான்: வாதக் காய்ச்சல். மூட்டில் அது சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும், வடு வைக்காது. இதயத்தில் சத்தமில்லாமல் வேலை செய்யும். இருகூர் வால்வைத்தான் அதிகம் தாக்கும், அடுத்தது பெருநாடி வால்வை.

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி தொண்டையில் வந்து குடியேறுகிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை பிடிக்கும்போது ஆள் மாறித் தன் சொந்த இதயத்தையே அடித்துவிடுகிறது. தொண்டை நோவு வந்த எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கே ஆகிறது. பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள். இந்தக் கிருமி எங்கே வேகமாகப் பரவும்? ஒருவர் இருமினால் ஐந்து பேர் மூச்சில் வாங்கும் இடத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பாட்டி, தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள், அடுப்பும் அங்கேயே, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வெள்ளைக்காரன் கட்டிய லயத்தின் அளவு அது. பசறையிலும் லுணுகலையிலும் நம் சொந்தக்காரர்கள் இன்றும் அதில்தான் இருக்கிறார்கள். நாம் அங்கிருந்து இறங்கி வந்தோம், ஆனால் இங்கே தென்னந்தோட்டத்து மூலையில் கொடுத்த ஓலைக்கொட்டிலும் தகரக்கொட்டிலும் அதைவிடப் பெரியவை அல்லவே!

டப்ளின் நகரத்தில் டொமினிக் கொரிகன் என்ற வைத்தியர் 1832ஆம் ஆண்டு இந்த ஒழுகும் வால்வைப் பற்றி எழுதினார். ஓங்கி அடித்து விழும் அந்த நாடிக்கு இன்றைக்கும் அவருடைய பேர்தான். அவர் அதைப் பார்த்தது ஏழைகளுக்கான ஆஸ்பத்திரிக் கட்டிலில். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் நெரிசல் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் வாதக் காய்ச்சல் இருந்தது. பிறகு அங்கே அது குறைந்தது. பென்சிலின் வந்ததால் குறைந்தது என்று நினைப்போம். பென்சிலின் வருவதற்கு முன்பே, வீடும் காற்றும் சாப்பாடும் திருந்தத் திருந்தக் குறையத் தொடங்கிவிட்டது. மிச்சத்தை மருந்து முடித்தது. இன்றைக்கு உலகத்தில் வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயில் சாகிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில். 2018இல் உலக சுகாதார சபை, இலங்கையும் அங்கத்துவம் வகிக்கும் சபை, இதைத் தடுக்கவேண்டும் என்று தீர்மானமே போட்டது. தீர்மானம் ஜெனீவாவில் இருக்கிறது.

தடுக்கும் மருந்து ஒன்றும் ரொக்கட் விஞ்ஞானமல்ல. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோவுக்கு ஒரு பென்சிலின் ஊசி அல்லது பத்து நாள் மாத்திரை. அது தவறி வாதக் காய்ச்சல் வந்துவிட்டால், திரும்ப வராமலிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை நீண்ட நாள் வேலை செய்யும் பென்சாதீன் பென்சிலின் ஊசி. 1950களின் தொடக்கத்திலிருந்து உலகில் இருக்கும் மருந்து. இதயம் தாக்கப்படாத பிள்ளைக்குக் குறைந்தது ஐந்து வருடம் அல்லது இருபத்தொரு வயது வரை; வால்வு பழுதானவருக்கு நாற்பது வயது வரைகூட, சிலருக்கு ஆயுள் முழுக்க. ஊசி நோகும், அதை மறைக்க வேண்டாம். இரண்டு நாள் நொண்டி நடக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் சுருங்குகிறது. ஊசி தவறாமல் போட்டால், ஆரம்பத்தில் ஒழுகிய வால்வு சில பிள்ளைகளில் தேறுவதும் உண்டு. நம் பிள்ளைக்கு அந்தப் பத்து வருடத்தில் ஒரு ஊசிகூடப் போடவில்லை. வருத்தத்தின் பேரையே யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பேர் சொல்லி அட்டை கொடுத்த பிள்ளைகளின் கதி என்ன? நமது கிளையிலேயே ஊசி அட்டை வைத்திருந்து இடையில் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ‘அலட்சியம்’ என்று நிர்வாகம் சொல்லும். சில வைத்தியசாலைகளில் தாதிமாரும் ஏசுவார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி என்றால் வருடத்துக்கு 13 நாள். பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, தாயோ தகப்பனோ போகவேண்டும். 2024இல் தேயிலைத் தோட்டத்துக்கு வர்த்தமானியில் போட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்தே பார்த்தால் 17,550 ரூபா போய்விடுகிறது. பஸ் காசு தனி. மலையில் என்றால் அந்த நாள் பேர் விழாது. இங்கே தென்னந்தோட்டத்தில் காய்க்கணக்குக் கொந்தராத்து, உரிக்காத நாளுக்கு யார் கூலி கொடுப்பார்? படுவான்கரையின் உட்கிராமம் என்றால் இன்னும் மோசம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது நல்ல காரியம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு விடிவு. ஆனால் மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும், அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும் படகுப் பாதையில் வாவியைக் கடந்து பழகிய சனங்களைக் கேளுங்கள், ஒரு ஊசிக்கு ஒரு பகல் எப்படிப் போகிறதென்று. இப்படி ஐந்து வருடம், பத்து வருடம். நடுவில் இரண்டு மாதம் விட்டால் அலட்சியமாம்!

நிர்வாகம் சொல்லும் இன்னொரு நியாயம் நமக்குத் தெரியும். ‘அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, இலவச வைத்தியம் இருக்கிறது, தோட்டம் என்ன செய்ய?’ இலவச வைத்தியம் இந்த நாட்டின் பெருமைதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் லயத்தை யார் கட்டிக் கொடுத்தது, அதில் எத்தனை பேரை யார் அடைத்தது? ஊசி நாளில் பேர் போடாமல் விடுவது எந்த வைத்தியர்? நோயை உண்டாக்கும் இடம் தோட்டத்தின் கையில், நோயைச் சுமக்கும் செலவு அரசாங்கத்தின் தலையிலும் நம் தலையிலும். கொழுந்தும் கொப்பராவும் மட்டும் கம்பனியின் கணக்கில்.

இனி அரசாங்கத்துக்கும் வருவோம். வால்வு மாற்றும் சத்திரசிகிச்சைக்கு அரச ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. ஆனால் நம் பக்கத்து நோயாளி கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டும், போய்ப் பட்டியலில் காத்திருக்கவேண்டும். 2022இல் டொலர் இல்லை, மருந்து இல்லை என்று நாடு முழுக்க அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்களே, அப்போது பட்டியல் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காத்திருக்க முடியாதவர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அங்கிருந்துதான் இந்தக் கடதாசி பிறக்கிறது. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம்; இப்போது பிரதேச செயலகத்திலேயே படிவத்தைக் கொடுக்கும் வழி வந்திருக்கிறது, கொழும்புக்கு அலையவேண்டியதில்லை. இதை அறியாதவர்கள் கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

வால்வு மாற்றினால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அங்கிருந்துதான் இன்னொரு கதை தொடங்குகிறது. உலோக வால்வு வைத்தால் அதில் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்பரின் மாத்திரை. அளவு குறைந்தால் இரத்தக்கட்டி மூளைக்குப் போய்க் கை கால் இழுத்துவிடும், கூடினால் இரத்தம் கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்துகொண்டே இருக்கவேண்டும். ஊசிக்கே போகமுடியாத குடும்பம் இதற்கு எப்படிப் போகும்? மிருகத் திசுவில் செய்த வால்வு என்றால் அநேகமாக நீண்டகாலம் வார்பரின் தேவையில்லை. ஆனால் அது தேயும், இள வயதில் இன்னும் வேகமாகத் தேயும், பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி நெஞ்சைத் திறக்கவேண்டும். நம் பிள்ளையிடம் வைத்தியர் இதைத்தான் கேட்டிருக்கிறார்: எது வேண்டும்? கர்ப்பம் தரித்தால் வார்பரின் சிசுவைப் பாதிக்கும் என்பதையும் சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயதில் ஒரு பெண் தன் ஆயுளுக்கும் தன் பிள்ளைக்கும் நடுவில் கணக்குப் போடுகிறாள். தாய் பக்கத்தில் இருந்து அழுதிருக்கிறாள். அந்தப் பிள்ளை அழவில்லையாம், ‘தையல் வகுப்பு முடியட்டும், பிறகு சொல்கிறேன்’ என்றாளாம்.

வால்வை மலிவாக்க ஒரு வழி இருந்தது, அதை ஒருவர் செய்தும் காட்டினார். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டொக்டர் வலியத்தானின் கூட்டம், வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாது என்று சொந்தமாகவே ஒன்று செய்தது. பல வருடம் தோற்றுத் தோற்றுத் திரும்பச் செய்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் நெஞ்சில் அந்தச் சித்ரா வால்வு அடிக்கிறது. அவர்கள் மனதில் வைத்துச் செய்தது பெரும்பாலும் வாதக் காய்ச்சலில் வால்வு போன ஏழைகளைத்தான். அரசு நினைத்தால் ஆகும் என்பதற்கு அது சாட்சி.

அதைவிடப் பெரிய சாட்சி கியூபா. பினார் தெல் ரியோ என்ற மாகாணத்தில் 1986 தொடக்கம் 1996 வரை ஒரு வேலை செய்தார்கள். தொண்டை நோவை விடாமல் பார்த்து மருந்து கொடுத்தார்கள், நோய் வந்த பிள்ளைகளின் பேரைப் பதிவில் எழுதி, ஊசிக்கு வராதவரைத் தேடிப் போனார்கள், பள்ளிக்கூடத்திலும் ஊரிலும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளில் 2.27 பேருக்கு இருந்த வாத இதயநோய் பத்து வருடத்தில் 0.24 ஆனது. பணக்கார நாடு என்று யாரும் கியூபாவைச் சொல்லமாட்டார்கள்.

நம்முடைய பங்குக்கும் வருவோம், மற்றவனை மட்டும் ஏசிவிட்டுப் போகக்கூடாது. கடந்த காலத்தில் நமது கிளை நிர்வாகங்களுக்குக் கொடுத்த கோரிக்கைக் கடிதங்களின் பிரதிகளை எடுத்துப் பார்த்தோம். சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வீடு, மழைச்சட்டை, கத்தி, கொக்கத்தடி எல்லாம் இருக்கின்றன. ஊசி நாளுக்குச் சம்பளத்தோடு லீவு என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எந்தக் கடிதத்திலும் இல்லை. தட்டுச் சுற்றுவதில் முன்னால் நின்ற நாம், தட்டுக்குத் தேவை வராமல் பார்ப்பதில் எங்குமே நிற்கவில்லை. இன்னொன்று: பெண்பிள்ளைக்கு இதய வருத்தம் என்று தெரிந்தால் கலியாணம் நடக்காது என்று ஊசி அட்டையை மறைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கோபித்துப் பயனில்லை, அந்தப் பயம் வெறும் பயமல்ல. ஆனால் மறைத்துக் கட்டிக்கொடுத்த பிள்ளை முதல் பிரசவத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மறைக்க ஒன்றுமிராது. இந்த நாட்டில் கர்ப்பிணித் தாய்மாரின் மரணத்துக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று இதயநோய். குடும்பநல உத்தியோகத்தர் கேட்கும்போது சின்ன வயதுக் காய்ச்சலை, மூட்டு வீக்கத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் ஊருக்குப் பறையடிக்க மாட்டார்.

ஆகவே இந்த முறை கோரிக்கைக் கடிதத்தில் இவை போகின்றன. ஊசிக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கும் பிள்ளையோடு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாள் முழுப்பேர். கொந்தராத்துக்காரர் என்றால் அதற்கீடான கூலி. தோட்ட மருந்தகத்தில் தொண்டை நோவோடு வரும் பிள்ளையை வாயைத் திறந்து பார்க்காமல் பனடோலோடு அனுப்பக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தனிக் கடிதம்: பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நம் பிள்ளைகள் படிக்கும் சிறிய பாடசாலைகளைத் தவறவிடாமல் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் குழாய் வைத்துக் கேட்கவேண்டும், சந்தேகமானால் எக்கோவுக்கு அனுப்பவேண்டும். வாவியின் மேற்குக் கரையில் இருப்பவருக்கு ஊசியும் இரத்தப் பரிசோதனையும் கிட்டிய வைத்தியசாலையிலேயே கிடைக்கவேண்டும். காம்பராவும் கொட்டிலும் வீடாக வேண்டும் என்பது பழைய கோரிக்கை, அதை விடவில்லை; இனி அதை இதய வைத்தியத்தின் முதல் மருந்துச்சீட்டாகவும் எழுதுவோம்.

கிளைத் தலைவர்மார் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது தங்கள் தோட்டத்தில் ஊசி அட்டை உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், இடையில் விட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வரவும். பேர்கள் சபையில் வாசிக்கப்படமாட்டா, எண்ணிக்கை போதும். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்து அட்டையே இல்லாத பிள்ளைகள் இருந்தால், கூட்டம் வரை காத்திராமல் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும், பஸ் செலவைக் கிளை கொடுக்கும். அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கான தட்டு சம்பளத்துக்கு மறுநாள் வழமைபோல் வாசலில் இருக்கும்.